இருவருக்கும் ஏற்ற பனிமலை: புதிதாகப் போகிறவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

கார்த்திகை பிறந்தால் போதும், இளந்தம்பதிகள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருவார்கள். "ஐயா, எனக்கு ஸ்கீ பழக ஆசை. இவருக்கு அதில் விருப்பமே இல்லை. எந்த மலைக்குப் போனால் நல்லது?" சுவிஸில் நம்மவர் வந்து குடியேறி 40 ஆண்டுகள் கடந்துவிட்டன. முதலில் வந்தவர்களில் பலர் உணவகச் சமையலறைகளில் நின்று உழைத்தவர்கள். மலைக்கு விடுமுறை போவது அவர்கள் நினைப்பிலேயே இருக்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளோ பள்ளிக்கூடப் பனிமுகாமில் சறுக்கிப் பழகியவர்கள். இடையில் இருப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள்: வளர்ந்தபின் இங்கு வந்தவர்கள், திருமணமாகி வந்தவர்கள், லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் பார்க்க வருகிறவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. சறுக்காதவருக்காக ஊரைத் தேர்ந்தெடுங்கள்

கேட்கிறவர்கள் எல்லோரும் ஸ்கீ பழகப்போகிறவரை மனதில் வைத்தே ஊர் தேடுகிறார்கள். அதை மாற்றிப் போடுங்கள். முதல் கிழமையில் ஒரு புதியவருக்குத் தேவைப்படுவது சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு மென்சரிவும், பொறுமையான ஓர் ஆசிரியரும் மட்டுமே. சைக்கிள் பழகுகிறவருக்குக் கோயில் வீதி போதாதா? பிரான்சின் 'மூன்று பள்ளத்தாக்குகள்' என்ற சறுக்குப்பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குத்தடம் இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். அது உண்மைதான். ஆனால் புதியவர் அதில் ஒரு கிலோமீட்டரைக்கூட முழுதாகப் பயன்படுத்தமாட்டார்.

சறுக்காதவருடைய நாள் அப்படியல்ல. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிவரை அவருக்கு நடக்க வழி வேண்டும், பார்க்க இடம் வேண்டும், ஏறிப் போக ரயில் வேண்டும், வெயில் விழும் ஒரு வாங்கு வேண்டும். மென்சரிவு பெரும்பாலான மலையூர்களில் கிடைத்துவிடும். இவையெல்லாம் சேர்ந்த ஊர்தான் அரிது. ஆகவே அரியதை முதலில் தேடுங்கள்.

2. நண்பகலில் இருவரும் சந்திக்க முடியுமா என்று பாருங்கள்

என்னிடம் கேட்டால், ஓர் ஊரின் தகுதியை இந்த ஒரு கேள்வியாலேயே அளந்துவிடலாம். சறுக்குகிறவர் மலைமேல், சறுக்காதவர் அடிவாரத்தில் என்று பிரிந்துபோனால், ஒரு கிழமை விடுமுறை இரண்டு தனி விடுமுறைகளாக உடைந்துவிடும். நாற்காலி லிப்டுகளில் பல, காலில் ஸ்கீ இல்லாதவரை ஏற்றுவதில்லை. ரயிலும் கூண்டு லிப்டும் கேபிள் காரும் ஏற்றும். எனவே தடவரைபடத்தை எடுத்து, நடந்து வருகிறவர் எந்தெந்த நிலையம்வரை போகலாம், அங்கே உணவகம் உண்டா, திரும்பிவரவும் வண்டி உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் பேர்ண் மேட்டுநிலத்துக்கு இணையான இடம் எனக்குத் தெரியவில்லை. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து வெங்கன் வழியாகக் கிளைன ஷைடெக் கணவாய்க்கு 1893 முதல் பற்சக்கர ரயில் ஓடுகிறது. 2,061 மீட்டர் உயரத்திலுள்ள அந்தக் கணவாயில், ஐகர் மலையின் வடமுகத்துக்கு நேர்கீழே, ஸ்கீயோடு வந்தவரும் சாதாரணச் சப்பாத்தோடு வந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடலாம். புதியவர் காலை வகுப்பை முடித்துவிட்டு அதே ரயிலில் ஏறி வரலாம். சறுக்கித்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3. பழகும் சரிவை நேரில் பார்ப்பதுபோல விசாரியுங்கள்

"ஆரம்பநிலையினருக்கு ஏற்றது" என்று எழுதாத மலையூர் கிடையாது. அந்தச் சொல்லை நம்பாமல் நாலு விடயங்களைக் கேளுங்கள். சரிவு ஊருக்குள் இருக்கிறதா, லிப்டில் ஏறிப் போகவேண்டுமா? மேலே கொண்டுபோவது நகரும் பட்டியா, நின்றபடியே இழுத்துச்செல்லும் இழுவை லிப்டா? சரிவின் முடிவில் தானாக நிற்கக்கூடிய சமநிலம் இருக்கிறதா? வேகமாக வருகிறவர்கள் அதைக் குறுக்கே கடக்கிறார்களா?

நகரும் பட்டியில் ஸ்கீயோடு ஏறி நின்றால் போதும். இழுவை லிப்டில் முதல்நாள் விழாதவர்கள் குறைவு. பலருக்கு மனம் தளர்வது அங்கேதான். வெங்கனில் பழகுசரிவு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது துணைவர் ஓரத்தில் நின்று கைகாட்டலாம், களைத்தால் சில நிமிடத்தில் அறைக்குத் திரும்பலாம். செர்மாட்டில் பழகும் இடம் மேலே சுன்னெகாவில், 2,288 மீட்டர் உயரத்துக்கு அருகில். சுரங்கத்தின் வழியே கயிற்று ரயில் விரைவாகக் கொண்டுபோய்விடும் என்றாலும், ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கவேண்டும்.

4. நிறத்தை மட்டும் பார்த்துத் தடத்தில் இறங்காதீர்கள்

சுவிஸிலும் ஆஸ்திரியாவிலும் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. ஆனால் நிறம் அந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போட்டது. ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் சிவப்பைப்போலச் செங்குத்தாக இருக்கலாம். காலையில் மிருதுவாக இருந்த தடம் மாலையில் மேடும் பனிக்கட்டியுமாக மாறியிருக்கும்.

ஊருக்கு இறங்கிவரும் கடைசித் தடம்தான் புதியவருக்குப் பெரிய ஆபத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், கால்களோ சோர்ந்திருக்கும், வெளிச்சமும் மங்கியிருக்கும். ஆகவே லிப்டிலோ ரயிலிலோ இறங்கிவர வழியுள்ள மலையையே தேர்ந்தெடுங்கள். அப்படி இறங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. நன்றாகச் சறுக்குகிறவர்களே மாலையில் அதைச் செய்கிறார்கள்.

5. வெயில் விழும் மலைத்திட்டில் தங்குங்கள்

மார்கழி, தை மாதங்களில் ஆழமான பள்ளத்தாக்குகளில் வெயில் எட்டிப் பார்ப்பதே சில மணி நேரம்தான். ஸ்கீ பழகுகிறவருக்கு உடல் சூடாக இருக்கும். அவருக்கு அது பெரிதாகத் தெரியாது. அறையிலிருந்து வெளியே வந்து நிழலில் நிற்கிறவருக்கு அது மூன்றாம் நாளே மனதை அமுக்கிவிடும், அதிலும் வெப்பநாட்டில் வளர்ந்த நமக்கு. அதனால் பள்ளத்தாக்கின் அடியில் இல்லாமல், மலைத்தோளில் அமர்ந்திருக்கும் ஊர்களைப் பாருங்கள்: 1,274 மீட்டரில் வெங்கன், 1,638 மீட்டரில் மியூரன், 1,775 மீட்டரில் அரோசா.

பனி இல்லாமல் போகுமோ என்ற அச்சத்தில் மிக உயரத்துக்கும் ஓடவேண்டாம். பிரான்சின் வால் தோரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது. பனிக்குக் குறைவில்லை, பழகுசரிவும் நல்லது. ஆனால் சறுக்குவதற்காகவே கட்டிய ஊர் அது. மரமும் பழைய தெருவும் இல்லாத அங்கே, சறுக்காதவர் இரண்டு நாளில் சலித்துப்போவார். மரவரிசைக்கு மேலே இன்னொரு சிரமமும் உண்டு. மேகம் இறங்கினால் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகி, மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மரங்கள் இருக்கும் உயரத்தில் அவற்றை வைத்துத் தூரத்தையும் சரிவையும் கணிக்கலாம்.

6. சறுக்காதவரின் நாளை முன்கூட்டியே எழுதுங்கள்

"அவர் புத்தகம் வாசிப்பார்" என்று எனக்குப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. அப்படியென்றால் வீட்டிலேயே வாசிக்கலாமே. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வெளிவேலை இருக்கவேண்டும்.

முதலாவது நடை. சுவிஸில் குளிர்கால நடைவழிகளை இளஞ்சிவப்புப் பலகைகள் காட்டும். பனியை அழுத்திச் சீராக்கிய வழிகள் அவை. பிடிப்புள்ள சப்பாத்து இருந்தால் போதும். வெங்கனிலிருந்து கேபிள் காரில் மென்லிஷன் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கிளைன ஷைடெக்கை நோக்கி மெல்ல இறங்கும் வழியில் நடந்தால், ஐகர், மொன்ஹ், யுங்ஃபிராவ் மூன்றும் வழி முழுவதும் எதிரே நிற்கும். அரோசாவில் அணில்களின் பெயரால் ஒரு காட்டுவழி இருக்கிறது. கையில் கொட்டைகளோடு நின்றால் அணில்கள் கைக்கே வரும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத் தவறவிடக்கூடாது.

இரண்டாவது ஸ்லெட்ஜ், அதாவது அமர்ந்து சறுக்கும் மரவண்டி. இதை இருவரும் சேர்ந்தே செய்யலாம். அல்புலா ரயில்பாதையிலுள்ள பிரேடாவிலிருந்து பெர்குன் வரை, குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடிய மலைச்சாலையே 6 கிலோமீட்டர் ஸ்லெட்ஜ் வழியாகிறது. கீழே வந்ததும் ரயில் மறுபடி மேலே ஏற்றிவிடும். கிரிண்டல்வால்டில் ஃபௌல்ஹோர்ன் மலையிலிருந்து இறங்கும் 15 கிலோமீட்டர் வழி புகழ்பெற்றது. ஆனால் அதன் தொடக்கத்துக்கு ஃபர்ஸ்ட் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பனியில் ஏறி நடக்கவேண்டும். முதல்முறை போகிறவர்கள் குறுகிய வழியை எடுங்கள். ஸ்லெட்ஜ் விளையாட்டுச் சாமான் அல்ல. தலைக்கவசம் போட்டு, காலால் நிறுத்தப் பழகிய பிறகே வேகமெடுக்க விடுங்கள்.

மூன்றாவது ரயில். 1912இல் திறந்த யுங்ஃபிராவ் ரயில் 3,454 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட்டுக்கு 1898 முதல் ரயில் போகிறது. 3,089 மீட்டரில் மாட்டர்ஹோர்னை எதிரே பார்க்கலாம். இவ்வளவு உயரத்தில் தலையிடியும் மூச்சுவாங்கலும் வரக்கூடும். வந்திறங்கிய அன்றே போகாமல், இரண்டு நாள் ஊரில் தங்கி உடல் பழகியபின் போங்கள். இதயநோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் ஏறவேண்டாம்.

7. துணைவருக்கு நீங்களே கற்றுக்கொடுக்காதீர்கள்

இதைக் கண்டிப்போடு சொல்கிறேன். ஒருவர் கொஞ்சம் சறுக்கத் தெரிந்தவர் என்றால், மற்றவருக்குத் தானே பழக்கிவிடலாம் என்று நினைப்பார். பெரும்பாலும் அது சரிவின் நடுவில் கண்ணீரோடும் கோபத்தோடும் முடியும். விழுவதெப்படி, எழுவதெப்படி, முன்முனைகளைச் சேர்த்து வேகத்தைக் குறைப்பதெப்படி என்று ஒழுங்காகச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முதல் மூன்று நாளும் அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பெரியவர்களுக்கான குழுவகுப்பு பல பள்ளிகளில் ஞாயிறு அல்லது திங்கள் தொடங்கும். நடுக்கிழமையில் போய் இறங்கினால் சேர இடம் கிடைக்காமல் போகலாம். எந்த மொழியில் சொல்லித்தருகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். அரைநாள் வகுப்பே போதும். முழுநாள் எடுத்தால் பிற்பகலில் களைத்த உடல்தான் காயப்படும். காலை வகுப்பு, நண்பகலில் சந்திப்பு, பிற்பகலில் இருவரும் சேர்ந்து ஏதாவது ஒன்று என்பதே நல்ல ஒழுங்கு.

முழு மலைக்கான லிப்ட் சீட்டை முதல்நாளே வாங்கிவிடாதீர்கள். பழகுசரிவுக்கு மட்டுமான சீட்டு பல ஊர்களில் மிக மலிவு. ஆசிரியர் "இனி மேலே போகலாம்" என்று சொல்லும் நாளில் பெரிய சீட்டை வாங்கினால் போதும்.

8. காலணியையும் உடுப்பையும் அலட்சியம் செய்யாதீர்கள்

ஸ்கீ, சப்பாத்து, தலைக்கவசம் மூன்றையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் சப்பாத்தின் நுனியைத் தொடவேண்டும். முழங்காலை முன்னே மடக்கியதும் விரல் சற்றுப் பின்வாங்கவேண்டும். அதுதான் சரியான அளவு. குளிருக்குப் பயந்து இரண்டு சோடி காலுறை போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். ஒரே ஒரு நீண்ட ஸ்கீ காலுறை போதும். கடைக்காரர் உங்கள் எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்று விழவேண்டிய அழுத்தத்தை அதைக்கொண்டே அமைக்கிறார்கள். தவறினால் முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும்.

சறுக்காதவருக்குத்தான் தடித்த உடுப்பு வேண்டும், ஏனென்றால் அவர் நிற்பார், காத்திருப்பார். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. அதை அறையில் விட்டுவிடுங்கள். கறுத்த தோலை வெயில் சுடாது என்றும் நினைக்காதீர்கள். உயரத்தில் வெயிலும் கடுமை, பனி அதைத் திருப்பியும் அடிக்கும். வெயில்தடுப்புப் பூச்சும் கறுப்புக் கண்ணாடியும் இருவருக்கும் அவசியம்.

சைவக்காரர் கவனிக்க: மலை உணவகங்களில் வரும் பார்லி சூப்பில் பெரும்பாலும் இறைச்சித் துண்டு இருக்கும், கேட்டுத்தான் வாங்கவேண்டும். உருளைக்கிழங்கு ரோஸ்டியிலும் சில இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். சமையலறையுள்ள விடுமுறை வீட்டை எடுத்து, அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோனால் செலவும் குறையும், மாலையில் வயிறும் நிறையும்.

9. காலத்தைக் கணக்குப் பாருங்கள், காப்புறுதியையும் பாருங்கள்

நத்தார், புதுவருடக் கிழமைகளும் பெப்ரவரிப் பள்ளி விடுமுறையும் விலை உச்சத்தில் நிற்கும் நாட்கள். பழகுசரிவு முழுவதும் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். ஜனவரி நடுப்பகுதி அமைதி, ஆனால் கடுங்குளிர். வெங்கனுக்குப் போகிறவர்கள் ஜனவரியில் லௌபர்ஹோர்ன் ஸ்கீ போட்டி நடக்கும் நாட்களைத் தவிர்க்கவும். அறையும் கிடையாது, நெரிசலும் தாங்காது. உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது மார்ச் முதற்பாதி. பகல் நீண்டிருக்கும், வெளியில் அமர்ந்து சாப்பிடலாம், பனியும் பெரும்பாலும் இருக்கும்.

சுவிஸில் ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் கட்டாயக் காப்புறுதி உண்டு. வேலையில்லாத துணைவருக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினருக்கும் அது இல்லை. பயணக் காப்புறுதிகள் பல, பனிவிளையாட்டை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். சிறிய எழுத்தை வாசியுங்கள். மலையில் அவசரமென்றால் வான்மீட்புச் சேவையான ரேகாவின் எண் 1414. இருவர் தொலைபேசியிலும் பதிந்துவையுங்கள்.

தடத்தில் இறங்குமுன் ஒரு விதியையாவது மனதில் பதியுங்கள்: கீழே, முன்னால் இருப்பவருக்கே முதலிடம்; மேலிருந்து வருகிறவர்தான் விலகவேண்டும். நடக்கிறவர் சறுக்குத்தடத்தில் நடக்கக்கூடாது. மூடியிருக்கும் எந்த வழியிலும் இருவரும் கால்வைக்கக் கூடாது. பனிச்சரிவு அபாயத்தால் அதை மூடியிருக்கலாம்.

10. மூன்று ஊர்களை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்

பட்டியல் நீண்டால் குழப்பமே மிஞ்சும். புகழை விட்டுவிட்டு, மேலே சொன்னவற்றை வைத்து மூன்றே ஊர்களை எடைபோடுங்கள். 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த பிரான்சின் ஷமோனி, சறுக்காதவருக்கு அருமையான ஊர். 3,842 மீட்டரிலுள்ள எகுய் து மிதி சிகரத்துக்குக் கேபிள் கார் இருக்கிறது, பழைய தெருக்கள் இருக்கின்றன. ஆனால் சறுக்குப்பகுதிகள் பள்ளத்தாக்கு முழுவதும் சிதறிக் கிடக்கும். புதியவர் பஸ்ஸுக்கு நின்றே களைத்துவிடுவார். செர்மாட் இருவருக்கும் பொருந்தும், பணப்பைக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

என் மூன்று ஊர்கள் இவை. பெரிய சறுக்குப்பகுதி வேண்டாம், நடையே பிரதானம், செலவும் அடங்கவேண்டும் என்றால் ஆஸ்திரியாவின் ஸீஃபெல்ட். 1,200 மீட்டரில் சமவெளிபோல விரிந்த ஊர், இன்ஸ்புருக்கிலிருந்து ரயிலில் போகலாம். சமநிலத்தில் ஸ்கீயோடு நடக்கும் விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. 1964, 1976 ஒலிம்பிக்குகளில் அந்தப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. சறுக்கப் பயப்படுகிற துணைவர்கூட அதை முயன்று பார்க்கலாம். பனி நிச்சயமும் வெயிலும் அமைதியும் வேண்டுமென்றால் அரோசா. கூர் நகரிலிருந்து ஒரு மணி நேர ரயில், அந்தப் பயணமே ஒரு காட்சி. மலையழகும் ரயிலும் நண்பகல் சந்திப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் வெங்கன். காரை லவுட்டர்புருன்னனில் விட்டுவிட்டு ரயிலில் ஏறவேண்டியதுதான்.

இரண்டு பேரும் சேர்ந்து அமருங்கள்; சறுக்காதவர் முதலில் பேசட்டும். எந்த ஊரில் தன் ஐந்து நாளும் நிறையும் என்று அவர் சொல்கிறாரோ, அந்த ஊரில் பழகுசரிவு இருக்கிறதா என்று மற்றவர் பார்க்கட்டும். அப்படியும் முடிவுக்கு வரமுடியாவிட்டால், மார்ச் முதல் கிழமையில் வெங்கனுக்குப் போங்கள், பிள்ளைகளே. சனிக்கிழமை போய்ச் சேருங்கள், திங்கள் காலை வகுப்புக்குப் பெயர் கொடுங்கள், மதியச் சாப்பாட்டை மட்டும் தனித்தனியே சாப்பிடாதீர்கள்.